கூறுபோட்ட கரிசல்

1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் ஒரு வேளாண்மைப் பண்ணை தொடங்கப்பட்டது. வானம் பார்த்த பூமியில் எதை விதைத்தால் எது தேறும் என்று பருத்தியையும் சோளத்தையும் வைத்துப் பார்ப்பதற்கான அரசுப் பண்ணை அது. அதே வருடங்களில், கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தம் வாழ்நாளின் பெரிய வேலையில் இறங்கியிருந்தார். 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்த அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இன்றைக்கும் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு முதல் ஆதாரம். எழுபத்திரண்டு மேளங்களின் வழியே ராகங்களையும், அவற்றில் அமைந்த உருப்படிகளையும், கமகங்களுக்குத் தனிக் குறியீடு போட்டு எழுதிவைத்த பெருநூல்.

அந்த நூல் எப்படி வந்தது என்று பார்ப்பது நம் பொருளுக்கு உதவும். சென்னைச் செயலகத்தில் வேலை பார்த்த சின்னசாமி முதலியார் கிறிஸ்தவர், எம்.ஏ. படித்தவர், கர்நாடக இசையை மேலைநாட்டுச் சுரக்குறிப்பில் பதிந்துவிட வேண்டும் என்று சொந்தக் காசைச் செலவழித்தவர். தீட்சிதர் குடும்பத்துப் பாடம் எட்டயபுரத்தில் இருப்பது தெரிந்து தேடி வந்தார். தீட்சிதருக்குக் குடும்பச் சொத்தை வெளியே கொடுப்பதில் தயக்கம். கடைசியில் எட்டயபுரம் ஜமீன் நடுவே நின்று, எழுதச் சொல்லி, அச்சுச் செலவையும் ஏற்றது. முதலியார் நூலைப் பார்க்காமலே காலமானார். வாய்வழிப் பாடம் வைத்திருந்த ஒருவர், குறிப்புமுறை கற்ற வெளியூர் ஆய்வாளர், வருடக்கணக்கில் சோறும் காகிதமும் கொடுக்க ஒரு அரண்மனை என்று மூன்று தரப்பு கூடியதால் ஒரு கலையின் நினைவு தப்பியது. அரண்மனைக்குப் பணம் வந்தது கரிசல் புஞ்சையின் தீர்வையிலிருந்து. அந்தப் புஞ்சையில் எந்தப் பருத்தி விளையும் என்று பார்க்கத்தான் பக்கத்து ஊரில் பண்ணை போட்டிருந்தார்கள். இரண்டு வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்று அதை யாரும் எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

நூற்றிருபது வருடம் கழித்தும் நிலைமை அதுதான் என்பதே என் கவலை. கரிசலைப் பற்றித் தெரிந்தது ஏராளம். மண்ணைப் பற்றி ஒரு துறையில், பாட்டைப் பற்றி இன்னொரு துறையில், கூலியையும் கடனையும் பற்றி வேறொரு நகரத்தில், கண்மாயைப் பற்றி ஒரு நாவலில் என்று அது கூறுகூறாகக் கிடக்கிறது. இந்தக் கூறுகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நிறுவனம் உலகில் வேறு இடங்களில் எப்படி உருவானது, தமிழ்நாட்டுக்கு அதில் என்ன அனுபவம், கரிசலுக்கு அப்படி ஒன்று வேண்டுமா என்பதை இங்கே பார்க்கலாம்.

பல துறை அறிஞர்களை அழைத்து, பாடம் நடத்தும் சுமை கொடுக்காமல், வேண்டிய காலம் தங்கவைத்து யோசிக்கவிடும் நிறுவனத்துக்கு உலகம் காட்டும் முதல் உதாரணம் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம். நூவர்க் நகரில் பெரிய கடை வைத்திருந்த லூயி பாம்பர்கரும் அவர் தங்கை கரோலின் பாம்பர்கர் ஃபுல்டும் 1929இல் கடையை விற்றார்கள். அந்தப் பணத்தில் 1930இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அதை நிறுவினார். உடனடிப் பயன் எதையும் கேட்காமல் அறிஞரை விட்டுவைத்தால் பயன் தானே வரும் என்பது ஃப்ளெக்ஸ்னரின் கட்சி. ஐன்ஸ்டைன் 1933இல் அங்கே போனார்.

அந்த வாசலுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் அழைக்கப்பட்டார். குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, எண் கோட்பாட்டில் வாரிங் சிக்கல் என்ற பழைய புதிரில் உலகத் தரமான முடிவுகளைக் கண்டவர். பிரின்ஸ்டனில் ஒரு வருடம் தங்க அழைப்பு வந்து, 1950 ஆகஸ்டில் புறப்பட்டார். கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு கணித அறிஞருக்குத் தடையில்லாமல் யோசிக்க ஒரு வருடம் கிடைக்க வேண்டுமானால் கடல் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஐம்பது வயதுகூட நிறையாதவர் அவர்.

பிரின்ஸ்டனில் தங்கிவிட்டுத் திரும்பிய அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே இளம் இயற்பியலாளர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். நீல்ஸ் போர் அதைப் பார்த்துப் பாராட்டினார். 1962இல் அந்த வீட்டுக் கூட்டம்தான் சென்னைக் கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1965இல் சிம்லாவில், வைஸ்ராய் இருந்த மாளிகையில், இந்திய உயராய்வு நிறுவனத்தை ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தத்துவம், வரலாறு, இலக்கியம், சமூகவியல் என்று பல துறையினர் அங்கே ஆய்வாளராகத் தங்கி எழுதுகிறார்கள். நல்ல நூல்கள் வந்திருக்கின்றன. ஆனால் மாளிகையைப் பராமரிப்பதே அங்கே தனியொரு பெரிய வேலை. மலை மேல் ஒதுங்கிய அந்த இடத்தில் அறிஞருக்கு அமைதி கிடைக்கும். எதைப் பற்றி ஆய்கிறாரோ அந்த ஊர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கும். கணிதத்துக்கு அது குறையே இல்லை. கரிசலுக்கு அந்த வகை ஒத்துவராது.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வேறு மாதிரி. 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கியபோது சமஸ்கிருதமும் சைவ ஆகமமும்தான் நடுநாயகம் என்று தோன்றியது. அங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவேட்டில் சேர்த்தது. ஆனால் அதே கட்டடத்தில் தாவரவியலாளரும் இருந்தார்கள். தென்னிந்தியாவின் தாவரப் போர்வையை மழை, மண், வெப்பத்தோடு சேர்த்து வரைந்த வரைபட வரிசையில் முதல் தாளே கன்னியாகுமரித் தாள்தான். 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்தத் தாளில் நம் வறண்ட சீமையும் அடக்கம். சுவடி படிப்பவரும் முள்மரம் எண்ணுபவரும் கிராமத்துக் கடனை ஆராய்பவரும் ஒரே நூலகத்தில் உட்காரும் பழக்கம் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டை ஒட்டி இந்த வகையில் நிலைத்து நின்ற சர்வதேச நிறுவனம் என்று எனக்குப்படுவது அதுதான்.

கரிசல் மண்ணையே நேரடிப் பொருளாகக் கொண்ட சர்வதேச நிறுவனமும் இந்தியாவில் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட். அரை வறட்சி வெப்ப மண்டலப் பயிர்களுக்காகப் பல நாட்டு நிதியில் நடக்கிறது. அதன் பண்ணையில் ஒரு பக்கம் செவல், ஒரு பக்கம் கரிசல். அது செய்தவற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது ரக விதை அல்ல, 1975இல் தொடங்கிய கிராம ஆய்வு. மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா மாவட்டங்களில் ஆறு கிராமங்கள். கிராமத்துக்கு நாற்பது குடும்பம். அதில் முப்பது பயிர் செய்வோர், பத்துக் கூலிக்காரர். விவசாயக் குடும்பத்தில் பிறந்த, பொருளாதாரம் படித்த இளைஞர்களை அந்தந்த ஊரிலேயே குடிவைத்தார்கள். மூன்று நாலு வாரத்துக்கொரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்தக் காட்டில் என்ன உழவு, யாருக்கு எத்தனை நாள் கூலி, என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள் என்று வருடக்கணக்கில் குறித்தார்கள். உண்மையான பணத்தை வைத்துப் பந்தய விளையாட்டு நடத்தி, நட்டத்துக்குச் சம்சாரி, அதாவது விவசாயி, எவ்வளவு அஞ்சுகிறார் என்றுகூட அளந்தார்கள். பெரும்பாலோர் ஓரளவு அஞ்சுகிறவர்கள்தான், ஏழை என்பதால் மட்டும் ஒருவர் கூடுதலாக அஞ்சுவதில்லை என்று தெரிந்தது. ஏழைச் சம்சாரி புதியதை ஏற்காதது மனப்பாங்கினால் என்ற பேச்சுக்கு அது சரியான பதில். கையில் முதல் இல்லை, கடன் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

இதே நிறுவனத்துக்குக் கரிசல் மண் ஒரு பாடமும் நடத்தியது. அகலப் பாத்தியும் சாலும் போட்டு, மழைக்கு முன்பே புழுதியில் விதைத்து, ஒருபோகக் கரிசலை இருபோகமாக்கும் திட்டம் ஒன்றைப் பண்ணையில் வெற்றியாகச் செய்து காட்டினார்கள். ஊருக்குள் போனபோது சம்சாரிகள் அதை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கு ஆகிறதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். மண் விஞ்ஞானிக்கு அது தோல்வியாகப் பட்டிருக்கலாம். பக்கத்து அறையில் கிராமக் கணக்கோடு உட்கார்ந்திருந்த பொருளாதார ஆய்வாளருக்குக் காரணம் தெரிந்திருந்தது. பல துறை ஒரு கூரையின் கீழ் இருப்பதன் பலன் இங்கேதான். ஒருவருக்குப் பிழையாகத் தெரிவது இன்னொருவருக்குத் தகவல்.

இக்ரிசாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆறு கிராமத்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கரிசல் தென்மேற்குப் பருவமழைக் கரிசல். நம்முடையது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. சோளம், கம்பு, கடலை, துவரை அந்த நிறுவனத்தின் பயிர்கள். பருத்தி அதன் பொறுப்பில் இல்லை. கோவில்பட்டிக் கரிசலின் கதையில் பருத்தியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஜின்னிங் பேக்டரியும் நூல் மில்லும் தூத்துக்குடித் துறைமுகமும் அந்தச் செடியைச் சுற்றி வளர்ந்தவை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1901இன் பண்ணை இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் ‘கே’ என்ற எழுத்தோடு வந்த ரகங்கள் அதன் பெயரைச் சொல்லும். 1970இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டத்திலும் அது ஒரு மையம். புரட்டாசியில், மழை விழுமுன், விதையைக் கடினப்படுத்தி ஆழமாக விதைத்துவைக்கும் முறையை அது அளந்து பரிந்துரைத்தது. கரிசல் மண்ணில் அந்த முறைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது நிலத்தில் நின்றால் புரியும். கோடையில் இந்த மண் வெடித்து, காலை விட்டால் முழங்கால் வரை போகும் பிளவாகக் கிடக்கும். களிமண் அவ்வளவு சுருங்கும் வகை. நல்ல மழை பெய்ததும் அதே மண் உப்பி, பிளவெல்லாம் மூடி, மிதித்தால் செருப்போடு கிலோக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. வாப்பு, அதாவது உழவுக்கு ஏற்ற பதம், வந்து ஏர் பூட்டுவதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகும். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் சுமாரில் மழை காணும் பூமியில் ஒரு மழையின் ஈரம் என்பது ஒரு பயிரின் உயிர். ஆகவே விதை முன்பே மண்ணுக்குள் இருக்க வேண்டும். சாரலுக்கு முளைத்து ஏமாறாமல், இறங்கின மழைக்குத்தான் முளைக்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். நிலையம் சென்டிமீட்டரில் சொன்னதைச் சம்சாரி கொழுவின் ஆழத்தில் சொல்வார். இரண்டும் சந்தித்த இடத்தில் பலன் கிடைத்தது.

அந்தச் சந்திப்பு பயிரோடு நின்றுவிட்டது. நிலையத்தின் சுவருக்கு வெளியே நடந்தது எதுவும் அதன் வேலைப் பட்டியலில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, வேளாண் நிலையத்தை அதற்காக வைக்கவில்லை.

கிராமத்தை முழுசாகப் பார்க்கும் வேலை சென்னையிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராம ஆய்வுக்கு அனுப்பினார். கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த கிராமத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்ற ஏற்பாடு. 1918இல் நூலாக வந்தது. அதில் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும் உண்டு. கங்கைகொண்டான் கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வடமலாபுரம் சிவகாசிப் பக்கம். 1930களின் பிற்பகுதியில் அதே ஊர்களுக்கு இரண்டாம் முறை போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மறுபடி போனது. யுனெஸ்கோவில் உயர்பதவியில் இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே கிராமத்தை மூன்று தலைமுறை தள்ளித் தள்ளிப் பார்த்த ஆவணம் உலகத்தில் எத்தனை ஊருக்கு இருக்கிறது? வடமலாபுரத்துக்கு இருக்கிறது. அந்த ஊரில் இதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. எழுதியது ஆங்கிலத்தில், இருப்பது சென்னை நூலகத்தில்.

பணமும் கட்டடமும் இல்லாமல், உள்ளூரிலேயே, தமிழிலேயே பல துறையையும் கூட்டியவர் ஒருவர் இருந்தார். நா. வானமாமலை. ஆசிரியர் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். அவர் கூட்டிய நெல்லை ஆய்வுக் குழுவில் கல்லூரி ஆசிரியரும் பள்ளி ஆசிரியரும் கட்சிக்காரரும் மாணவரும் இருந்தார்கள். கட்டுரை எழுதி வந்து வாசிப்பது, மற்றவர்கள் கிழித்து ஆராய்வது, திருத்தி எழுதுவது. 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் நாட்டார் வழக்காறும் வரலாறும் மானிடவியலும் மொழியியலும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாயின. விளாத்திகுளம் பக்கத்துத் தங்கம்மாள்புரத்தில் ஆசிரியராக இருந்த எஸ்.எஸ். போத்தையா சேகரித்த கரிசல் பாட்டுகள் வானமாமலை வெளியிட்ட தொகுப்புக்குள் போயின. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அங்கே உருவானார்கள். மயிலாப்பூரில் அல்லாடி வீட்டுக் கூட்டத்துக்கும் பாளையங்கோட்டையில் வானமாமலை கூட்டத்துக்கும் தன்மையில் பெரிய வேறுபாடு இல்லை. முதல் கூட்டத்தை அரசு நிறுவனமாக்கியது. இரண்டாவதை யாரும் நிறுவனமாக்கவில்லை. 1980இல் அவர் இறந்தபின் அதன் வேகம் போய்விட்டது. பின்னால் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை வளர்ந்து அந்த வேலையின் ஒரு கூறைத் தொடர்ந்தது. மண்ணும் பொருளாதாரமும் அதில் சேரவில்லை.

தூத்துக்குடியிலும் அப்படி ஒரு விதை விழுந்ததுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை முறையாகப் படித்த தனிநாயகம் அடிகள், 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் அங்கிருந்து முளைத்து உலக அறிஞர்களைத் தமிழின் பக்கம் இழுத்தது. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூர் மாநாடு, 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். அடி தூத்துக்குடியில், விளைச்சல் வேறு ஊர்களில்.

கி. ராஜநாராயணன் கதையும் இந்த வரிசையில்தான் வரும். இடைசெவல் சம்சாரி. பள்ளிப்படிப்பு நடுநிலைப் பள்ளியைத் தாண்டவில்லை. பல்கலைக்கழகம் எதுவும் துணை இல்லாமல், நண்பர்களிடமிருந்து சொல் சேகரித்து, 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். உழவுக்கு, மாட்டுக்கு, மழைக்கு, நோய்க்கு என்று அதில் வரும் சொற்கள் மொழி அகராதிக்கு மட்டும் உரியவை அல்ல. எந்த மேகம் எந்த மழையைக் கொண்டுவரும், எந்த மண்ணுக்கு எந்தக் கலப்பை என்ற அறிவு முழுக்க அவற்றில் இருக்கிறது. 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. பட்டமே இல்லாத ஒருவரைப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்து, மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கதை சேகரிக்கச் செய்த அந்த முடிவு, தமிழ்ச் சூழலின் உயர்கல்வி வரலாற்றில் அபூர்வமான துணிச்சல். அறிஞர் என்றால் யார் என்று ஒரு நிறுவனம் சரியாக அடையாளம் கண்ட நேரம் அது. ஆனால் கி.ரா. அதற்காக இடைசெவலை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபோனார். 2021இல் இறந்தபின்தான் அவர் உடல் இடைசெவலுக்குத் திரும்பியது.

பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் அப்படியே. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களும் பல தலைமுறைச் சம்சாரி வாழ்வும் அடங்கிய ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய தீர்ப்புகளையும் அரசுக் கோப்புகளையும் படித்து எழுதியது. அந்த ஆய்வுக்கு உதவித்தொகை கொடுத்தது பெங்களூரில் இருக்கும் இந்திய கலை அறக்கட்டளை. 2012இல் நூல் வந்தது, 2014இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒரு நாவலாசிரியருக்குச் சில வருடம் உதவினால் ஒரு வரலாற்றுத் துறை செய்ய வேண்டிய வேலையும் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்த சோ. தர்மன் ‘சூல்’ நாவலில் கண்மாயைப் பற்றி எழுதியதை ஒரு நீர்ப்பாசனப் பொறியாளர் பாடமாக வைத்துப் படிக்கலாம். அப்படிப் படிக்கவைக்கும் இடம்தான் இல்லை.

இத்தனை உதாரணத்திலும் ஒரே போக்கு தெரிகிறது. கரிசலின் அறிவாளிக்கு உதவி வெளியூரிலிருந்து வருகிறது, அல்லது அவர் வெளியூர் போகிறார். கரிசலைப் பற்றிய அறிவு வெளியூரில் போய்ச் சேர்கிறது. கரிசலுக்குள் நின்ற நிறுவனங்கள் ஒவ்வொரு துறைக்கு மட்டும் நின்றன. கயத்தாற்றில் டேனிஷ் உதவியோடு அமைந்த காற்றாலைச் சோதனை நிலையம்கூட அப்படித்தான். காற்றை அளந்தது, காற்றாலைக்கு நிலம் கொடுத்த சம்சாரி பின்னால் என்ன ஆனார் என்று கேட்பது அதன் வேலை அல்ல.

இதனால் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். என் தலைமுறை கண் முன்னே கரிசல் நிறம் மாறியது. வெள்ளைச்சோளம், கம்பு, பருத்தி இருந்த காட்டில் மக்காச்சோளம் வந்து நிறைந்தது. ஏன்? வேளாண் நிபுணரைக் கேட்டால் வீரிய ஒட்டு விதையின் மகசூல் என்பார். சந்தையை ஆராய்பவர் நாமக்கல் கோழிப் பண்ணைத் தீவன வியாபாரத்தைக் காட்டுவார். கூலிக் கணக்குப் பார்ப்பவர், தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் திருப்பூருக்கும் ஆள் போனபின் பருத்தி எடுக்க யார் இருக்கிறார் என்பார். கால்நடையைப் பார்ப்பவர் வேறொன்று சொல்வார்: உழவுமாடு போய் டிராக்டர் வந்தது, மாடு இல்லாத வீட்டுக்குச் சோளத்தட்டைப் படப்பு எதற்கு? அறுவடைக்கு மெஷின் வாடகைக்கு வருகிறது என்பது ஒரு காரணம். சோளக் கதிரைக் கொத்தும் குருவியை விரட்டக் காட்டில் பிள்ளைகள் இல்லை, அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். அது நல்ல காரணமும்கூட. எல்லாமே உண்மை. எது எவ்வளவு உண்மை, எது முதலில் வந்தது என்பதை இவர்களில் ஒருவர் தனியாகச் சொல்லிவிட முடியாது.

2018இல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் புழு, ஆப்பிரிக்காவைக் கடந்து, அந்த ஆண்டு கர்நாடகத்தில் முதலில் கண்ணில்பட்டு, சில மாதத்தில் நம் மக்காச்சோளக் குருத்தைத் தின்றது. பூச்சியியல் துறை மருந்து சொன்னது. ஆனால் ஒரு சீமை முழுக்க ஒரே பயிர் ஏன் நின்றது என்ற கேள்விக்குப் பூச்சியியலில் பதில் கிடையாது. பதில் மேலே சொன்ன அத்தனை அறையிலும் பிரிந்து கிடந்தது. 2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம், சம்சாரி எதை விதைப்பது என்று முடிவெடுப்பதை எப்படி மாற்றியது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்துக்கும் இதே கதி. தாவரவியலார் அதை அழிக்கச் சொல்கிறார்கள், நீதிமன்றம் அகற்றச் சொன்னது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தின் அடுப்பு அதனால்தான் எரிகிறது.

ஆகவே கரிசலுக்கு ஓர் உயராய்வு நிறுவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்படிப்பட்டது என்பதில்தான் எச்சரிக்கை தேவை. மாளிகை வேண்டாம். நூலகம், பத்துப் பதினைந்து பேர் குடும்பத்தோடு தங்க வீடு, ஒரு கூட்ட அரங்கு, சுற்றி நாலைந்து கிராமங்களோடு நீண்டகால உறவு, இது போதும். வெளிநாட்டு அறிஞர் வர வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் சூடானிலும் டெக்சாசிலும் இதே வெடிப்பு மண் உண்டு, அங்கே கற்றது நமக்கு ஆகும். ஆனால் வருபவர் ஒரு மாதம் தங்கி உரையாற்றிவிட்டுப் போகக் கூடாது. ஆடியில் உழவு பார்த்து, புரட்டாசி விதைப்பு, கார்த்திகைக் களையெடுப்பு, தை, மாசி அறுப்பு வரை ஒரு வெள்ளாமை முழுக்க இருக்க வேண்டும். இங்கே சேர்த்த தரவின் ஒரு படி தமிழில் இங்கேயே இருக்க வேண்டும். எழுதிய முடிவை அந்தக் கிராமத்துக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். வானமாமலை கூட்டத்தில் கட்டுரையைக் கிழித்து ஆராய்ந்ததைப் போல ஊர்க்காரரும் கிழித்து ஆராயட்டும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் புதுவைப் பல்கலைக்கழகம் காட்டிய வழியே வழி. பாதி இடம் பட்டம் கேட்காமல் தரப்பட வேண்டும். நாட்டு விதை வைத்திருக்கும் சம்சாரி, மடை திறக்கத் தெரிந்த நீர்பாய்ச்சி, வில்லுப்பாட்டுக் கலைஞர், தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் இருந்து கணக்குத் தெரிந்த பெண், இவர்களுக்கும் ஆய்வாளர் என்ற பெயரும் மாதச் சம்பளமும் வேண்டும். ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் போட்டு நன்றி சொல்லி அனுப்பும் வழக்கம் கரிசலுக்குச் செய்த அநியாயம்.

இதை எதிர்ப்பவர்கள் இரண்டு நியாயமான வாதம் வைக்கிறார்கள். இருக்கிற நிறுவனங்களுக்கே நிதி போதாதபோது புதியது எதற்கு என்பது முதல் வாதம். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகம் துறைகளாகப் பிரிந்தது. தேர்வும் வகுப்பும் பதவி உயர்வும் துறைக்குள்தான் நடக்கின்றன. பருத்தி விஞ்ஞானி பருத்திப் பாட்டைப் பற்றி எழுதினால் அவருக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடாது. துறை தாண்டி உட்காரத் தனி இடம் வேண்டும் என்பதைப் பிரின்ஸ்டன் முதல் பாண்டிச்சேரி வரை எல்லா அனுபவமும் சொல்கிறது. வெளிநாட்டு நிதி வந்தால் கேள்வியையும் அவர்களே தீர்மானிப்பார்கள் என்பது இரண்டாவது வாதம். இதில் வலு அதிகம். பயிர்ப் பட்டியல் நிதி கொடுப்பவரோடு சேர்ந்து வருகிறது என்பதை இக்ரிசாட்டில் பருத்தி இல்லாததே காட்டும். ஆகவே அடிப்படைப் பணம் தமிழ்நாட்டு அரசிடமிருந்தும், கரிசலில் பிறந்து வெளியே செழித்தவர்களிடமிருந்தும் வர வேண்டும். ஆதிசேஷையா தம் சேமிப்பைப் போட்டு நிறுவனம் கட்டியவர். கோவில்பட்டி, சிவகாசி, விருதுநகர் வியாபாரிகள் பள்ளியும் கல்லூரியும் கட்டிப் பழகியவர்கள். வெளிநாட்டுப் பணம் ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கு மேலதிகமாக வரட்டும்.

தொடங்குவதற்குக் கட்டடம் கட்டக் காத்திருக்கத் தேவையில்லை. கி.ரா.வுக்கு அரசு கோவில்பட்டியில் அமைத்த நினைவரங்கம் இருக்கிறது, அதில் நூலகமும் உண்டு. மாதம் ஒரு கூட்டம் அங்கே நடத்தலாம். முதல் வருட வேலையாக வடமலாபுரத்துக்கும் கங்கைகொண்டானுக்கும் மறுபடி போகலாம். 1916இன் கணக்கு, முப்பதுகளின் கணக்கு, எண்பதுகளின் கணக்கு மூன்றையும் தமிழில் பெயர்த்து அந்த ஊர்ப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நாலாவது கணக்கை அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்தே எடுக்கலாம். ஸ்லேட்டர் மாணவர்களிடம் கேட்டதும் அதைத்தானே. இந்த முறை கேள்விப் பட்டியலை எழுதும்போது ஆராய்ச்சி நிலையத்து மண் விஞ்ஞானியும், பாளையங்கோட்டை வழக்காற்று ஆய்வாளரும், சென்னைப் பொருளாதார ஆய்வாளரும், ஊரில் பருத்தி எடுத்த பெண்களும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.